லூயி பாஸ்டர் சரித்திரமும் நம் நாய்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒன்றற்கொன்று அணித்தாக அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் அறியாதார் தமிழ்நாட்டில் இலர். முன்னது ஆண்டாள் அவதரித்த பதி. அதன் கோபுரமும் பால்கோவாவும் நாடெங்கும் பெயர்பெற்றவை. பின்னது நூலாலைகளாலும், அவற்றினும் பழமையாகத் தன் பெயரையே தாங்கி வரும் நாயினத்தாலும் புகழ்பெற்றது. வெண்ணிற மேனியும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும் உடைய இராஜபாளையம் நாய் முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டது. இக்காலத்தில் வீட்டுக்கும் தோப்புக்கும் காவலாய் நிற்கின்றது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையார் நான்கு நாயினங்களைப் பொறித்து வெளியிட்ட தபால் தலைகளுள் இவ்வினத்துக்கும் ஒன்று உண்டு.

இத்தகைய காவற்றுணையே சில வேளைகளில் கூற்றுவனாக மாறுவதும் உண்டு. வெறிநோய் பற்றிய நாயின் உமிழ்நீர் கடிவாயின் வழியே மனிதன் உடம்பிற் புகுமாயின், அந்நஞ்சு நரம்பின் வழியே மெல்ல மெல்ல ஏறி மூளையைச் சேரும். இதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ செல்லும். தண்ணீரைக் கண்டு அஞ்சும் குறி தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தவர் உலகமெங்கும் தேடினும் மிகச் சிலரே. இக்கொடுநோய்க்கு முதன்முதல் தடை கண்டவர் பிரெஞ்சு தேசத்துப் பேரறிஞராகிய லூயி பாஸ்டர். அவர் சரித்திரத்தைச் சொல்வோர் பெரும்பாலும் அவர் ஒரு சிறுவனைக் காப்பாற்றிய செய்தியோடு நிறுத்திவிடுகின்றனர். அச்சிறுவனுக்கு முன்னர் அவர் எண்ணியது நாய்களையே என்பதும், நாய்களை விட்டு அவர் மனிதர்பால் திரும்பியதற்கு முக்கிய காரணம் செலவே என்பதும் பலர் அறியாதன. அவற்றை விளக்குதற்பொருட்டே அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ஆம் நாள் பிரான்ஸ் தேசத்தின் கீழ்பாகத்திலுள்ள டோல் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் தந்தையார் நெப்போலியன் சேனையிற் பணிபுரிந்து மீண்டபின் தோல் பதனிடும் தொழிலால் ஜீவனம் செய்துவந்தவர். குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறியது. பாஸ்டருக்கு வயது ஒன்பது நிரம்பாதிருந்தபோது, 1831-ஆம் ஆண்டில், வெறிகொண்ட ஓநாய் ஒன்று அப்பக்கத்து ஊர்களிற் புகுந்து கண்டாரையெல்லாம் கடித்தது. கடியுண்டவர்களைக் கொல்லன் உலைக்களத்துக்குக் கொண்டுபோய்ப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் புண்ணைச் சுட்டார்கள். அக்காலத்தில் அஃதொன்றே வைத்தியம். அங்ஙனம் சுடப்பட்ட ஒருவனது கூக்குரலை இளைஞர் பாஸ்டர் நேரிற் கேட்டார். அவன் பிழைத்தான், ஆயினும் சுற்றுப்புறத்தில் எண்மர் அந்நோயால் மாண்டனர். அரை நூற்றாண்டு கழித்து அவர் வெறிநோயை ஆராயத் தொடங்கியபோது அக்கூக்குரல் அவர் நினைவில் இருந்தே இருக்கும் என்பது எம் துணிபு.

பள்ளியில் அவர் மிகச் சிறந்த மாணவர் என்று பெயர் எடுத்தவரல்லர். சித்திரம் வரைவதில் வல்லவர். பெற்றோரையும் அயலாரையும் வண்ணத்திற் தீட்டி மகிழ்ந்தார். பரீக்ஷையில் ரஸாயன சாஸ்திரத்தில் நடுத்தரமான மாணவர் என்றே அவரை மதிப்பிட்டனர். மதிப்பெண்ணையே தம் விதியென்று எண்ணி மனந்தளரும் மாணாக்கர் இதனை நினைவிற்கொள்வது நலம். 1843-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து உயர்தர ஆசிரியர் கல்லூரியிற் சேர்ந்து, 1848-ஆம் ஆண்டில், திராட்சை மதுவில் உண்டாகும் ஒருவகைப் புளிப்பின் பளிங்குத் துணுக்குகளை ஆராய்ந்து, அவை வலக்கையும் இடக்கையும் போல ஒன்றற்கொன்று எதிருருவாய் இருத்தலைக் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மறு வருஷம் மாரி லோரான் என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஐவருள் மூவர் சிறு வயதிலேயே மாண்டனர். அவர்களுள் இருவரைக் கொண்டுசென்றது விஷ ஜுரம். பிறர் பிள்ளைகளின் உயிருக்காக அவர் பட்ட பாட்டின் ஆழத்தை இத்துயரம் ஒருவாறு உணர்த்தும்.

1854-ஆம் ஆண்டு முதல் லீல் நகரத்திலும், 1857-ஆம் ஆண்டு முதல் மீண்டும் பாரிஸிலும் உத்தியோகம் வகித்தார். பால் புளிப்பதும் மது நொதிப்பதும் நுண்ணுயிர்களின் செயலே என்றும், அவை தாமே தோன்றுவனவல்ல, காற்றிலும் தூசியிலும் இருந்து வருவன என்றும் பல சோதனைகளால் நிலைநாட்டினார். பாலை அளவாகச் சூடாக்கிக் கிருமிகளைப் போக்கும் முறை இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1865-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தென்பிரான்ஸில் பட்டுப்புழுக்களை அழித்துவந்த நோயை ஆராய்ந்து, அத்தொழிலை வீழ்ச்சியினின்றும் காத்தார். இடையே 1868-ஆம் ஆண்டில் பாரிசவாயு கண்டு அவரது இடப்பக்கம் செயலற்றது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. மற்றொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பர். அவருடைய புகழ்மிக்க செயல்கள் பலவும் அதன் பின்னரே நிகழ்ந்தன.

1879-ஆம் ஆண்டில் கோழிகளுக்கு வரும் காலரா நோயை ஆராய்கையில், நாட்பட்ட கிருமிகளைக் குத்திய கோழிகள் சிறிது நோயுற்றுத் தேறியதையும், பின்னர் அவற்றுக்குப் புதிய கிருமிகளைக் குத்தியபோதும் அவை சாகாமலிருந்ததையும் கண்டார். நஞ்சின் வேகத்தைக் குறைத்து உடம்பிற் செலுத்தினால், அவ்வுடம்பு முழு நஞ்சையும் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்னும் உண்மை இதனாற் புலப்பட்டது. ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் 1796-ஆம் ஆண்டில் பசுவின் அம்மைப் பாலைக்கொண்டு பெரியம்மையைத் தடுத்தது ஒரு நோய்க்கு மட்டும் உரிய வழி. பாஸ்டர் கண்டது பல நோய்களுக்கும் உரிய பொது வழி. 1881-ஆம் ஆண்டு மே மாதத்தில், புயி-லெ-போர் என்னும் கிராமத்தில் அடைப்பான் நோய்க்குத் தாம் கண்ட தடுப்பூசியை ஊரறியச் சோதித்துக் காட்டினார். ஊசி குத்தப்பெற்ற ஆடுகள் உயிரோடு நிற்க, குத்தப்பெறாதவை செத்து வீழ்ந்ததை ஜூன் மாதம் 2-ஆம் நாள் பெருங்கூட்டம் கண்டு வியந்தது.

இதற்கு முன்பே, 1880-ஆம் ஆண்டில், வெறிநோய் ஆராய்ச்சியையும் அவர் தொடங்கியிருந்தார். இந்நோயின் வித்து அக்காலத்து மைக்ராஸ்கோப்புக்குப் புலப்படாத நுண்மையது. காணக்கூடாத பகைவனோடு அவர் போர்புரிந்தார். எமீல் ரூ என்னும் இளம் வைத்தியர் அவருக்குத் துணைநின்றார். நோயுற்ற விலங்கின் மூளைப் பகுதியை முயலின் மூளையிற் செலுத்தி, அம்முயலினின்று மற்றொரு முயலுக்குமாகத் தொடர்ந்து மாற்றி வந்தனர். வரவர நஞ்சின் வேகம் மிகுந்து, ஏறக்குறைய ஏழு நாளில் நோய் தோன்றுவதாய் நிலைப்பட்டது. அங்ஙனம் இறந்த முயலின் முள்ளந்தண்டு நரம்பை ஈரமற்ற காற்றுள்ள கண்ணாடிக் குப்பியில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். நாள் செல்லச்செல்ல அதன் நஞ்சு குறைந்து பதினான்கு நாளில் அறவே நீங்கியது. இனி, பதினான்கு நாள் உலர்ந்ததை முதல் நாளிலும், அதனினும் குறைவாக உலர்ந்ததை மறுநாளிலும், இவ்வாறே படிப்படியாக இறங்கி இறுதியிற் புதியதையும் நாய்க்குக் குத்தினர். அந்நாயை வெறிநாய் கடித்தாலும் அதற்கு நோய் வருவதில்லை. 1884-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் நியமித்த குழுவினர் இச்சோதனைகளைப் பார்வையிட்டு உண்மையென ஒப்பினர். 1885-ஆம் ஆண்டுக்குள் ஐம்பது நாய்களை இவ்வாறு காத்துவிட்டதாகப் பாஸ்டர் வெளியிட்டார்.

ஈண்டுத்தான் யாம் முதலிற் குறித்த செய்தி வருகின்றது. மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாயினிடமிருந்தே வருவதாதலின், நாய்களுக்கெல்லாம் ஊசி குத்திவிட்டால் மனிதருக்கு நோய் வர வழியே இல்லை. பாஸ்டர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஆனால் அவர் கணக்குப் பார்த்தார். பாரிஸ் நகரத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நாய்கள். மற்றை மாகாணங்களில் ஏறக்குறைய 25 லட்சம். ஒவ்வொரு நாய்க்கும் பல நாள் தொடர்ந்து பல ஊசிகள். அத்தனை நாள் அவற்றை அடைத்துவைக்கப் பட்டிகள் வேண்டும், உணவு வேண்டும், காவலாளர் வேண்டும், நாள்தோறும் நரம்பு எடுக்க எண்ணற்ற முயல்கள் வேண்டும். எந்த அரசாங்கத்தின் பொக்கிஷமும் இதனைத் தாங்காது. ஆகவே நோயை அதன் ஊற்றிலேயே அடைக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. கடிபட்டபின் நோய் தோன்றுவதற்குச் சில வாரங்கள் இருக்கின்றனவே, அவ்விடைவேளையில் மனிதனுக்கே ஊசி குத்தினால் என்ன என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அறிவுக் குறைவால் அன்று, செலவு மிகுதியாலேயே அவர் இவ்வழியிற் திரும்பினார் என்பதை நாம் மறத்தலாகாது.

1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள், அல்ஸாஸ் மாகாணத்திலிருந்து ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்துவந்தாள். இரண்டு நாளைக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. பாஸ்டர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். ஆதலின் வுல்பியான், கிராஞ்சே என்னும் வைத்தியர் இருவரைக் கலந்தார். சிறுவன் இறப்பது உறுதியென்று அவர்கள் கருதவே, கிராஞ்சே தம் கையால் ஊசி குத்தினார். பத்து நாட்களிற் பதின்மூன்று ஊசிகள். இறுதி ஊசியில் இருந்ததோ கொடிய புது நஞ்சு. அந்நாட்களிற் பாஸ்டர் உறக்கமின்றித் தவித்தார். சிறுவன் பிழைத்தான்.

பிற்காலத்தில் அவருடைய சோதனைக் குறிப்பேடுகளை ஆராய்ந்தோர், அச்சிறுவனுக்குக் கையாண்ட அதே முறையை நாய்களிடம் அவர் அப்போதுதான் சோதிக்கத் தொடங்கியிருந்தார் என்றும், அச்சோதனை முற்றுப்பெறவில்லை என்றும் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இதனை மறைத்தல் முறையன்று. துணிந்து செய்தார், அத்துணிவு பலித்தது. பலியாதிருப்பின் அவர் பெயர் வேறு விதமாக வழங்கியிருக்கும்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், தன் தோழரைக் காக்க வெறிநாயோடு போராடிக் கடியுண்ட ஜுபியல் என்னும் இடைச் சிறுவன் வந்து குணமடைந்தான். நவம்பர் மாதத்திலோ, தலையிற் கடியுண்டு முப்பத்தேழு நாள் கழிந்த லூயிஸ் பெல்த்தியே என்னும் பத்து வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தனர். காலம் கடந்துவிட்டது என்பதைப் பாஸ்டர் அறிவார். குழந்தை இறந்தால் தம் முறைக்கே இழுக்கு வரும் என்பதையும் அறிவார். ஆயினும் பெற்றோரைத் திருப்பி அனுப்ப அவர் மனம் ஒருப்படவில்லை. குழந்தை இறந்தது, அவர் அதன் படுக்கையருகே இருந்து கண்ணீர் விட்டார். 1886-ஆம் ஆண்டில் ருஷ்யாவிலிருந்து ஓநாய் கடித்த பத்தொன்பதின்மர் வந்தனர். அவர்களுட் பதினாறு பேர் பிழைத்து ஊர் திரும்பினர். உலகம் முழுவதும் பொருளுதவி குவிந்தது. அதனைக்கொண்டு 1888-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் நாள் பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. சிறுவன் மைஸ்டர் வளர்ந்து பிற்காலத்தில் அந்நிலையத்தின் வாயில் காவலனாகப் பணிசெய்தான். பாஸ்டர் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ஆம் நாள் காலமானார். அவர் உயிர்நீத்த இடம், நாய்களை வைத்துச் சோதிப்பதற்காக அரசாங்கத்தார் முன்னர் அவருக்கு ஒதுக்கிய வில்நெவ்-லேத்தாங் என்னும் பழைய மாளிகைத் தோட்டமே.

அவர் ஏற்றிய விளக்கின் ஒளி நம் நாட்டுக்கும் வந்தது. 1900-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் இவ்வைத்தியத்துக்கென ஒரு நிலையம் தோன்றியது. தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர் அத்துணைத் தூரம் சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். ஆதலின் ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர, 1907-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. கசௌலியில் டேவிட் ஸெம்பிள் என்பவர் 1911-ஆம் ஆண்டில் ஆட்டு மூளையைக்கொண்டு எளிதிற் செய்யத்தக்க மருந்து ஒன்றை வகுத்தார். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டனார் அஞ்சிய வைத்தியம் அதுவே. அது பலரைக் காத்தது. சிலருக்குப் பக்கவாதம் முதலிய கேடுகளையும் விளைத்தது. ஆதலின் 2005-ஆம் ஆண்டுக்குள் இந்தியாவில் அது நிறுத்தப்பெற்று, உயிரணுக்களில் வளர்த்துச் செய்யும் தூய மருந்து அதன் இடத்தைப் பெற்றது. இப்போது கையிலேயே நான்கைந்து முறை ஊசி போடுகின்றனர்.

இனி, பாஸ்டர் செலவுக்கு அஞ்சிக் கைவிட்ட முதல் எண்ணம் என்னாயிற்று என்பதை நோக்குவோம். 1921-ஆம் ஆண்டில் ஜப்பானியர் உமேனோ, டோய் என்னும் இருவர், ஒரே ஊசியில் நாயைக் காக்கும் மருந்தை வெளியிட்டனர். பல நாள் அடைத்துவைத்தல் ஒழிந்தது. பட்டியும் முயற்கூட்டமும் வேண்டாவாயின. 1950-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தார் ஒவ்வொரு வளர்ப்பு நாயையும் பதிவுசெய்து ஆண்டுதோறும் ஊசி குத்தவேண்டுமெனச் சட்டம் செய்தனர். ஏழே ஆண்டில், 1957-ஆம் ஆண்டோடு, அந்நாட்டில் வெறிநோய் அற்றது. மெக்ஸிகோ தேசத்தாரும் நாய்களுக்கு ஊர்தோறும் ஊசி குத்தியே, நாயால் மனிதருக்கு வரும் வெறிநோயை ஒழித்துவிட்டனர் என்று உலக சுகாதார நிறுவனத்தாரால் 2019-ஆம் ஆண்டில் ஒப்புக்கொள்ளப்பெற்றனர். ஓரிடத்திலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி குத்தி அந்நிலையைக் காத்துவரின் நோயின் சங்கிலி அறும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. அங்ஙனம் செய்யாத நாடுகளிலேயே, ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 மக்கள் இந்நோயால் மாள்கின்றனர் என அந்நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர், அவர்களுட் பெரும்பாலார் ஆசியா, ஆப்பிரிக்காக் கண்டங்களைச் சேர்ந்த ஏழைகள், பலர் சிறுவர்.

அன்பர்களே, இப்போது கணக்கை நாமும் பார்ப்போம். இராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வாங்கப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க நாம் பின்வாங்குவதில்லை. அதற்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், வைத்தியர் கூறும் இடைவெளியில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுக்கு ஒன்றும் வேண்டும். தனியார் வைத்தியரிடம் ஓர் ஊசிக்கு ஆவது சில நூறு ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் ஒரு கிலோ பால்கோவா வாங்கும் பணத்தோடு வைத்தெண்ணத்தக்கது. அரசாங்கக் கால்நடை மருந்தகங்களில் முகாம் நடத்தி இலவசமாகவே குத்தும் நாட்களும் உண்டு. மைஸ்டருக்கு முதல் ஊசி குத்திய ஜூலை மாதம் 6-ஆம் நாளும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் மாதம் 28-ஆம் நாளும் இப்பணிக்கென்றே உலகத்தாரால் குறிக்கப்பெற்ற நாட்கள். குட்டிகளை வாரிக்கொண்டுபோகும் குடல்நோய் முதலியவற்றுக்குரிய கூட்டு ஊசிக்கு இன்னும் சில நூறு ரூபாய் ஆகும். அது நாயின் உயிரைக் காப்பது. வெறிநோய் ஊசியோ நாயோடு நம் உயிரையும் காப்பது.

ஊசி குத்தாத நாய் ஒருவரைக் கடித்தால் ஆகும் செலவு யாது? அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமே. ஆயினும் நூலாலைத் தொழிலாளியும், வயற்காட்டிற் கூலி வேலை செய்யும் பெண்ணும் நான்கைந்து நாட் கூலியை இழந்து, பஸ் ஏறி வந்து காத்திருக்கவேண்டும். ஆழமான கடியாயின் புண்ணைச் சுற்றிக் குத்தும் தனி மருந்தும் தேவை. வெளியில் அதனை வாங்கின் ஆயிரக்கணக்கில் ஆகலாம். சிறு கடிதானே என்று வாளாவிருந்தாலோ, கொடுக்கும் விலை உயிரே. நாயின் சொந்தக்காரர் மிச்சப்படுத்திய சில நூறு ரூபாயை, தெருவிற் போகும் ஏழை ஒருவன் பன்மடங்காகச் செலுத்துகின்றான். எம் நாய் வீட்டை விட்டு வெளியே போவதில்லையே என்பாரும் உளர். தோப்புக்குக் காவல் போகும் நாய் தெருநாயையும் நரியையும் சந்திக்காது என்று யார் உறுதி கூறவல்லார்? மலையடிவாரத்து ஊர்களில் இவ்வச்சம் இன்னும் மிகுதி; காட்டு விலங்கினின்று நாய்க்கும், நாயினின்று காட்டு விலங்குக்கும் நோய் செல்லும் வழி அங்கே திறந்தே கிடக்கின்றது.

கடிபட்டால் செய்யத்தக்கதும் சொல்லவேண்டும். புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுதல் முதற்கடன். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் ஆகாது. பின்னர்த் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கடித்தது ஊசி போட்ட வீட்டு நாயாயினும் வைத்தியரைக் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும்.

பாஸ்டர் காலத்தில் ஒரு நாயைக் காக்கப் பல ஊசிகளும், பல முயல்களும், ஒரு பட்டியும் வேண்டியிருந்தன. அவர் திரும்பிய பாதை அன்றைய நிலையில் சரியானதே. இன்றோ ஆண்டுக்கு ஓர் ஊசியும், நாயைக் கயிற்றிற் பிடித்துப் போகும் அரை நாட்பொழுதும் போதும். அவரைத் தடுத்த செலவு நம்மைத் தடுக்க இடமில்லை. அவர் சரித்திரத்தைப் படித்து வியப்பதோடு நில்லாமல், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு நாயின் ஊசிச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. தேதி கடந்திருப்பின் மறுநாட் காலையிலேயே அதனைக் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வாராக. பாஸ்டர் தொடங்கி முடிக்கவியலாது விட்ட வேலையில் நம் பங்கு அவ்வளவே.